பழுதான பொருளுக்கு வாரண்டியைப் பயன்படுத்துவதா, வேண்டாமா? முடிவெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

வாங்கிய பொருள் திடீரென்று நின்றுபோனால் பலரும் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். வாரண்டி இருப்பதே நினைவுக்கு வராமல் ரிப்பேர் கடையில் கொடுத்துப் பணம் கட்டுகிறார்கள். இல்லையென்றால், வாரண்டிதான் இருக்கிறதே என்று நேராக சர்வீஸ் சென்டரில் ஒப்படைத்துவிட்டு வாரக்கணக்கில் காத்திருக்கிறார்கள். முதல் வகையினர் தங்களுக்குச் சேர வேண்டியதை விட்டுவிடுகிறார்கள். இரண்டாம் வகையினரின் இழப்பு வெளியே தெரியாது: கடைக்காரரிடம் முழுப் பணத்தையும் திரும்பக் கேட்டிருக்கக்கூடிய நேரத்தில் அவர்கள் ஒரு ரிப்பேருக்குத் தலையாட்டிவிட்டு வந்திருப்பார்கள்.

வாரண்டி உங்களுக்குத் திறந்திருக்கும் பல வழிகளில் ஒன்றுதான். அது எப்போது நல்ல வழி என்பதை, வந்திருப்பது எந்த மாதிரியான பழுது என்பதை வைத்தே சொல்ல முடியும். கீழே உள்ள படிகளை வரிசையாகவே செய்யுங்கள். வரிசை மாறினால் சில உரிமைகள் கைநழுவிவிடும்.

படி 1: திறக்காதீர்கள், பதிவு செய்யுங்கள்

ஸ்க்ரூ டிரைவரை எடுக்கும் முன் போனை எடுத்துப் பழுதைப் படம் பிடியுங்கள். விட்டுவிட்டு வரும் கோளாறுகளுக்கு இது மிக முக்கியம். திரை எப்போதாவது மினுங்குகிறது, மோட்டார் சில நேரம் மட்டும் சத்தம் போடுகிறது என்றால், சர்வீஸ் சென்டரின் மேஜையில் அது பெரும்பாலும் ஒழுங்காகவே வேலை செய்யும். ‘கோளாறு எதுவும் இல்லை’ என்று எழுதித் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். ஒரு நிமிட வீடியோ இருந்தால் அப்படிச் சொல்வது கடினம்.

வீடியோவிலேயே சீரியல் நம்பரும் தெரியும்படி எடுத்துவிடுங்கள். எரர் கோடு வந்தால் குறித்துக்கொள்ளுங்கள். பொருளின் எல்லாப் பக்கங்களையும் போட்டோ எடுங்கள். கீறலோ அடிபட்ட தடமோ இல்லை என்பதற்குப் பின்னால் அதுதான் சாட்சி.

அப்புறம் எளிய சோதனைகள். வேறு பிளக்கில் போட்டுப் பாருங்கள், வேறு கேபிள், வேறு அடாப்டர் முயலுங்கள். சாதனத்தின் மென்பொருளைப் புதுப்பியுங்கள். கையேட்டில் உள்ள ரீசெட் முறையைச் செய்யுங்கள், ஆனால் அதற்கு முன் பேக்கப் எடுத்துவிடுங்கள். கஸ்டமர் கேரில் முதலில் கேட்கப்போவதும் இவற்றைத்தான். செய்து முடித்துவிட்டு அழைத்தால் பேச்சு பாதியாகக் குறையும்.

ஒரு விதிவிலக்கு உண்டு. பேட்டரி உப்பியிருந்தால், கருகிய வாசனை வந்தால், தொட்டால் ஷாக் அடித்தால் எந்தச் சோதனையும் வேண்டாம். பயன்படுத்துவதை நிறுத்துங்கள். உப்பிய லித்தியம் பேட்டரியை நீங்களாகவே பார்சலில் அனுப்பிவிடவும் கூடாது. தயாரிப்பாளரிடம் கேட்டு, அவர்கள் சொல்லும் முறையில்தான் ஒப்படைக்க வேண்டும். கூடவே உங்கள் மாடலை நிறுவனம் திரும்பப் பெறுவதாக அறிவித்திருக்கிறதா என்று பாருங்கள். 2016-ல் சாம்சங் கேலக்ஸி நோட் 7 போன்களைப் பேட்டரி தீப்பிடித்ததால் உலகம் முழுவதும் திரும்பப் பெற்றார்கள். இத்தகைய அறிவிப்பு இருந்தால் வாரண்டிக் கணக்குக்கே போக வேண்டாம். வாரண்டிக் காலம் முடிந்த பொருள்களுக்கும் பல நேரங்களில் அது பொருந்தும்.

படி 2: யாரிடம் கேட்பது என்று முடிவு செய்யுங்கள்

பலர் தவறவிடும் படி இது. ஒரே பழுதுக்குப் பொறுப்பேற்கக்கூடியவர்கள் ஒருவருக்கு மேல் இருப்பார்கள்.

முதலில் கடையின் ரிட்டர்ன் காலம். அது இன்னும் முடியவில்லை என்றால் அதையே பயன்படுத்துங்கள். புதுப் பொருள் சில நாட்களிலேயே பழுதானால் ரிப்பேருக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள்; மாற்றுப் பொருளோ பணமோ கேளுங்கள். ‘கம்பெனியிடம் போய்ப் பாருங்கள்’ என்று கடையில் சொன்னாலும், ரிட்டர்ன் காலம் முடியும்வரை உங்களை அலைய வைக்க விடாதீர்கள்.

அடுத்தது சட்டம் தரும் உரிமை. இது வாரண்டி அட்டையில் எழுதப்பட்டிருக்காது, ஆனால் பல நாடுகளில் வாரண்டியைவிட வலுவானது. ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்றவரே குறைந்தது 2 ஆண்டுகளுக்குப் பொறுப்பு. முதல் ஓராண்டுக்குள் தெரியவரும் குறை, பொருளைக் கொடுத்தபோதே இருந்ததாகக் கருதப்படும். இல்லை என்று நிரூபிப்பது விற்றவர் வேலை. பிரிட்டனில் 2015-ம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, குறையுள்ள பொருளை 30 நாட்களுக்குள் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் வாங்கலாம். சிங்கப்பூரில் 2012 முதல் நடைமுறையில் உள்ள, குறையுள்ள பொருள்களுக்கான ‘லெமன் சட்டமும்’ முதல் 6 மாதங்களில் நிரூபிக்கும் சுமையை விற்றவர் மேல் வைக்கிறது. இந்தியாவில் 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். அமெரிக்காவில் 1975-ம் ஆண்டின் மேக்னசன்-மாஸ் சட்டம், எழுத்தில் தரப்படும் வாரண்டி ‘முழு’ வாரண்டியா, ‘வரம்புள்ள’ வாரண்டியா என்று தெளிவாகக் குறிப்பிட வேண்டும் என்கிறது.

இதை இவ்வளவு விரித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஓராண்டு வாரண்டி முடிந்து பதினாலாவது மாதத்தில் பழுதானால் ‘போச்சு’ என்று விட்டுவிடுபவர்கள் ஏராளம். இரண்டாண்டுப் பொறுப்புள்ள நாட்டில் இருப்பவருக்கு அந்தப் பழுது இன்னும் விற்றவரின் கணக்கில்தான் இருக்கிறது.

மூன்றாவது, தயாரிப்பாளரின் வாரண்டி. நான்காவது, நீங்கள் பணம் கட்டிய கிரெடிட் கார்டு. சில கார்டுகள் வாரண்டிக் காலத்தைத் தாமாகவே நீட்டித்துத் தருகின்றன. பிரிட்டனில் 1974-ம் ஆண்டின் கன்ஸ்யூமர் கிரெடிட் சட்டத்தின் 75-வது பிரிவு, குறிப்பிட்ட விலை வரம்புக்குள் வாங்கிய பொருள்களுக்குக் கார்டு நிறுவனத்தையும் சேர்த்தே பொறுப்பாக்குகிறது. கடைசியாக, தனியாகப் பணம் கொடுத்து வாங்கிய எக்ஸ்டெண்டட் வாரண்டி, இன்ஷூரன்ஸ் ஆகியவை.

மேலிருந்து கீழாக வாருங்கள். முதலில் பொருந்துவதையே கேளுங்கள்.

படி 3: வாரண்டி அட்டையில் எதைத் தேடுவது

முழுவதையும் படிக்கப் பொறுமை இல்லையென்றாலும் சில இடங்களை மட்டுமாவது பாருங்கள்.

காலம் எந்த நாளில் தொடங்குகிறது? பில் தேதியா, டெலிவரி தேதியா, பொருத்திய தேதியா? பில் தொலைந்துபோனால் பல நிறுவனங்கள் தயாரிப்புத் தேதியிலிருந்து கணக்கிடுகின்றன. கடையில் பல மாதம் கிடந்த பொருளாக இருந்தால் அதனால் உங்களுக்கு நஷ்டம்.

பெரிய எழுத்தில் இருக்கும் ஆண்டுகள் எதற்குப் பொருந்தும்? ‘10 ஆண்டு வாரண்டி’ என்று ஃபிரிட்ஜின் கதவில் ஒட்டியிருக்கும். அது பெரும்பாலும் கம்ப்ரஸருக்கு மட்டும். அதிலும் கம்ப்ரஸர் என்ற பாகம் மட்டும் இலவசமாக வரும்; கழற்றி மாட்டும் கூலி, கேஸ் நிரப்பும் செலவு, டெக்னீஷியன் வந்துபோகும் கட்டணம் எல்லாம் உங்கள் தலையில் விழலாம். பாகம், கூலி, போக்குவரத்து ஆகியவற்றைத் தனித்தனியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

வண்டி பேட்டரி, டயர் போன்றவற்றுக்கு ப்ரோ ரேட்டா என்ற முறை உண்டு. 60 மாத வாரண்டியில் முதல் 30 மாதங்களுக்கு இலவச மாற்று, அதன்பின் விகிதப்படி தள்ளுபடி என்று வைத்துக்கொள்வோம். 45-வது மாத முடிவில் பேட்டரி செத்துப்போனால் மீதம் 15 மாதம், அதாவது 60-ல் கால் பங்கு. புதியதன் விலையில் 25 சதவீதம் கழித்துக்கொள்வார்கள். இங்கேதான் கவனம் தேவை. அந்தக் கழிவு அச்சிட்ட விலையின் மேல் கணக்கிடப்படலாம். வெளியே அதே பேட்டரி அதைவிடக் குறைவாகக் கிடைக்கும் என்றால் வாரண்டியால் உங்களுக்கு மிச்சம் ஒன்றுமே இல்லை.

மாற்றித் தரும் பொருள் புதியதா, பழுது நீக்கப்பட்டதா என்பதையும், ரிப்பேரா மாற்றா பணமா என்று முடிவு செய்வது யார் என்பதையும் பாருங்கள். பெரும்பாலும் அந்த முடிவு நிறுவனத்தின் கையில்தான் இருக்கும். வேறு நாட்டில் வாங்கிய பொருள், வேறொருவரிடமிருந்து வாங்கிய பொருள் என்றால் வாரண்டி செல்லுமா என்பதற்கும் தனி வரிகள் இருக்கும்.

படி 4: பழுதின் வகையைக் கண்டுபிடியுங்கள்

முடிவின் பெரும்பகுதி இங்கேதான் இருக்கிறது.

இயந்திரங்களின் பழுதை ஆராய்பவர்கள் ‘குளியல் தொட்டி வளைகோடு’ என்று ஒன்றைச் சொல்வார்கள். புதிதில் பழுது விகிதம் அதிகம்: சரியாகப் பற்றாத சால்டர், குறைபட்ட சிப் எல்லாம் முதலிலேயே வெளிப்பட்டுவிடும். பிறகு நீண்ட காலத்துக்கு அபூர்வமாகவே கெடும். கடைசியில் தேய்மானத்தால் மறுபடியும் ஏறும்.

புதிதிலேயே வந்த பழுது என்றால் அது தயாரிப்புக் குறை. வாரண்டி இருப்பதே இதற்காகத்தான். தயங்காமல் கேளுங்கள், முடிந்தவரை மாற்றுப் பொருளாகவே கேளுங்கள். தொடக்கத்திலேயே தடுமாறும் ஒரு மதர்போர்டை ஒட்டுப்போட்டு வைத்துக்கொள்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

தேய்மானம் வேறு. பெல்ட், ஃபில்டர், ரப்பர் கேஸ்கட், பிரேக் பேட் இவையெல்லாம் தேய்வதற்கென்றே உள்ளவை, வாரண்டியில் சேராது. இதற்காக வாரக்கணக்கில் பொருளை அனுப்பி வைப்பது வீண். பேட்டரி இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. மெதுவாகக் குறைந்தால் தேய்மானம், எதிர்பார்த்ததைவிட வேகமாகக் குறைந்தால் குறை. ஆப்பிள் நிறுவனம் ஐபோன் 14 வரையிலான மாடல்களின் பேட்டரி 500 முறை முழுதாகச் சார்ஜ் ஏறி இறங்கிய பிறகும் 80 சதவீதக் கொள்ளளவைத் தக்கவைக்கும்படி வடிவமைக்கப்பட்டது என்கிறது. ஐபோன் 15 வரிசைக்கு அந்த எண் 1000. உங்கள் சாதனத்துக்கும் இப்படி ஓர் எண் இருக்கிறதா என்று பாருங்கள். அதைவிட மிகவும் முன்னதாகக் கொள்ளளவு விழுந்திருந்தால் அந்த எண்ணைக் காட்டியே கேட்கலாம்.

மூன்றாவது வகை விபத்து: கீழே விழுந்தது, தண்ணீர் புகுந்தது, மின்னழுத்தம் எகிறியது. சாதாரண வாரண்டி இவற்றை ஏற்காது. மறைத்துக் கொடுத்துப் பார்க்கலாமே என்று தோன்றும். வேண்டாம். பல போன்களிலும் லேப்டாப்களிலும் உள்ளே ஈரம் பட்டால் வெள்ளையிலிருந்து சிவப்பாக மாறும் சிறு ஒட்டுகள் இருக்கின்றன; திறந்ததும் தெரிந்துவிடும். தண்ணீர் பட்ட சர்க்யூட் பலகையில் ஒவ்வொரு நாளும் துரு ஏறும். வாரண்டி மறுக்கப்பட்டுத் திரும்பி வருவதற்குள், நல்ல டெக்னீஷியன் காப்பாற்றியிருக்கக்கூடிய பலகை வீணாகியிருக்கும். ஈரம் பட்டது உறுதி என்றால் அன்றே வெளியே கொடுப்பதுதான் சரி. விபத்துக்கான இன்ஷூரன்ஸ் இருந்தால் மட்டும் முதலில் அவர்களிடம் பேசுங்கள்.

படி 5: உள்ளே இருக்கும் தரவை மறக்காதீர்கள்

வாரண்டி பொருளைத் திருப்பித் தரும், உங்கள் கோப்புகளைத் தராது. ஹார்ட் டிஸ்க்கை அனுப்பினால் வேறொரு டிஸ்க் வரும், பழையது திரும்பாது. இப்போதைய ஸ்மார்ட்போன்களில் தரவு குறியாக்கம் செய்யப்பட்டிருக்கிறது, அதைத் திறக்கும் சாவி போனின் சிப்போடு பிணைந்திருக்கிறது. மதர்போர்டை மாற்றிவிட்டால் பேக்கப்பில் இல்லாத படங்கள் போனதுதான்.

ஆகவே டிஸ்க்கைவிட அதில் உள்ளது பெரிது என்றால் வாரண்டியைத் தள்ளி வையுங்கள். முதலில் தரவை மீட்பவர்களிடம் கொடுங்கள். மீட்புக்காகத் திறந்த டிஸ்க்கை அதன்பின் ஏற்பார்களா என்று தயாரிப்பாளரிடம் முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளலாம். ஏற்காவிட்டாலும் பரவாயில்லை; ஒரு டிஸ்க்கின் விலையோடு போய்விடும்.

படி 6: கணக்குப் போடுங்கள்

ஒரு பக்கம்: வெளியே ரிப்பேர் செய்ய ஆகும் செலவு, அதை வாரண்டி ஏற்கும் வாய்ப்பால் பெருக்கியது. மறுபக்கம்: அனுப்பும் செலவு, பொருள் இல்லாத நாட்களில் ஆகும் செலவு, மறுக்கப்பட்டால் கட்ட வேண்டிய பரிசோதனைக் கட்டணம்.

வெளியே ரிப்பேருக்கு 100 ஆகும் என்று வைப்போம். ஏற்கும் வாய்ப்பு 80 சதவீதம் என்றால் வாரண்டியின் மதிப்பு 80. அனுப்ப 10, இரண்டு வாரத்துக்கு மாற்று ஏற்பாடு 30, மறுப்புக் கட்டணம் 15-ல் ஐந்தில் ஒரு பங்கு 3. மொத்தம் 43. வாரண்டிக்கே போகலாம். அதே சாதனத்தை நம்பித்தான் பிழைப்பு என்று இருப்பவருக்கு, அந்த இரண்டு வாரத்தின் மதிப்பு 90 என்றால் மறுபக்கம் 103 ஆகிவிடும். அவருக்கு ஒரே நாளில் வெளியே சரிசெய்துகொள்வது லாபம்.

ஆனால் வெளியே திறந்தால் மீதமுள்ள வாரண்டி பறிபோகலாம். அதன் மதிப்பையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். வாங்கி இரண்டு மாதமே ஆன விலை உயர்ந்த சாதனத்தில் அது பெரிய தொகை. வாரண்டி முடிய இரண்டு வாரமே இருக்கும் பொருளில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. ‘ஸ்டிக்கர் கிழிந்தால் வாரண்டி ரத்து’ என்பதும் எல்லா இடத்திலும் செல்லாது. அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் 2018 ஏப்ரலில் இதுபோன்ற வாரண்டி நிபந்தனைகள் போட்ட ஆறு நிறுவனங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. இருந்தாலும், திறந்ததால்தான் சேதம் வந்தது என்றால் அதை எந்த வாரண்டியும் ஏற்காது.

சின்னக் கோளாறுகளுக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது, அதைத் தனியாகச் சொல்ல வேண்டும். மாதம் ஒருமுறை தானாக அணையும் டிவியைச் சரிசெய்வதால் இன்று பெரிய லாபம் இல்லை. ஆனாலும் புகார் பதிவு செய்யுங்கள். வாரண்டிக் காலத்துக்குள் பதிவான புகாருக்கு இரண்டு பயன்கள்: ஒன்று ரிப்பேர், இன்னொன்று சாட்சி. அதே கோளாறு வாரண்டி முடிந்தபின் முழுதாக முற்றினால், ‘இது அப்போதே இருந்தது’ என்று காட்ட அந்தப் புகார் எண் போதும். வாரண்டி முடிய ஒரு மாதம் இருக்கும்போது பொருளை ஒருமுறை முழுதாகச் சோதித்துப் பார்ப்பதை நான் எல்லோருக்கும் சொல்வேன். கடைசி நாளில் பழுது தெரிந்தால், கொண்டுபோக நேரமில்லாவிட்டாலும் அன்றே மின்னஞ்சலில் எழுதிவிடுங்கள்.

படி 7: கேட்கும் முறை

போனில் பேசியது காற்றோடு போகும். எழுத்தில் கேளுங்கள். இவ்வளவு போதும்:

‘இந்தத் தேதியில் வாங்கிய இந்தச் சீரியல் நம்பர் கொண்ட சாதனம் இந்தத் தேதி முதல் அரை மணி நேரம் ஓடியதும் தானாக நின்றுவிடுகிறது. கையேட்டில் சொன்ன சோதனைகளைச் செய்தும் சரியாகவில்லை. பில்லும் வீடியோவும் இணைத்திருக்கிறேன். வாரண்டியின் கீழ் சரிசெய்து தரவும். புகார் எண்ணையும், திரும்பக் கிடைக்கும் தேதியையும் தெரிவிக்கவும்.’

காரணத்தை நீங்கள் ஊகித்து எழுதாதீர்கள். ‘கரண்ட் ஏறி இறங்கியதால் இருக்கலாம்’ என்ற ஒரு வரியே மறுக்கக் காரணமாகிவிடும். பார்த்ததை மட்டும் உள்ளபடி எழுதுங்கள்.

ஒப்படைக்கும் முன் சிம், மெமரி கார்டு எடுத்துவிடுங்கள், கணக்குகளிலிருந்து வெளியேறுங்கள், திருட்டைத் தடுக்கும் பூட்டை அணையுங்கள். பொருளைப் பெற்றுக்கொண்டு சர்வீஸ் சென்டர் எழுதித் தரும் ஜாப் ஷீட்டில் உங்கள் புகார் நீங்கள் சொன்னபடியே எழுதப்பட்டிருக்கிறதா, கீறல் இல்லாத பொருளுக்குக் ‘கீறல் உண்டு’ என்று போட்டிருக்கிறார்களா என்று படித்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். எஸ்டிமேட் சொல்லாமல் கட்டண வேலை எதையும் செய்யக் கூடாது என்று அதிலேயே எழுதச் சொல்லுங்கள்.

படி 8: மறுத்தால்

மறுப்பை எழுத்தில் கேளுங்கள்: எந்த நிபந்தனையின்படி, என்ன ஆதாரத்தோடு. ஈரம் என்றால் அதன் போட்டோ. எழுத்தில் கொடுக்க வேண்டும் என்றதும் பதில் மாறுவதும் உண்டு. மாறாவிட்டால் அதே கடிதத்தோடு நிறுவனத்தின் மேல்நிலைக்குப் போங்கள். அங்கேயும் முடியவில்லை என்றால் விற்றவரிடம் சட்ட உரிமையின்படி கேளுங்கள். அதற்கு அடுத்து வெளி அமைப்புகள்: இந்தியாவில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, மலேசியாவில் நுகர்வோர் தீர்ப்பாயம், சிங்கப்பூரில் சிறு கோரிக்கைத் தீர்ப்பாயங்கள்.

எங்கே நிறுத்துவது என்பதையும் முன்பே தீர்மானித்துக்கொள்ளுங்கள். பழைய மிக்ஸிக்காக மாதக்கணக்கில் அலைவதில் பொருளில்லை. விலை உயர்ந்த சாதனம், தெளிவான தயாரிப்புக் குறை, கையில் வீடியோவும் புகார் எண்ணும் இருக்கின்றன என்றால் விடாதீர்கள்.

எக்ஸ்டெண்டட் வாரண்டி பற்றி

பெரும்பாலான பொருள்களுக்கு இது தேவையில்லை என்பது என் கருத்து. நீட்டிக்கப்படும் ஆண்டுகள், பழுது அபூர்வமாக வரும் நடுக் காலத்திலேயே விழுகின்றன. ஒரே ஒரு பாகம் போனாலே முழுப் பொருளின் விலைக்கு நெருங்கும் சாதனங்களுக்கு யோசிக்கலாம். அப்போதும் தயாரிப்பாளரே தருவதா, மூன்றாம் நிறுவனம் தருவதா, ஒவ்வொரு முறையும் நம் பங்காகக் கட்ட வேண்டியது எவ்வளவு என்று பாருங்கள்.

ரிப்பேராகி வந்த பிறகு

திரும்பக் கைக்கு வந்த அன்றே, பழுது தோன்றிய அதே சூழலில் ஓட்டிப் பாருங்கள். அரை மணி நேரம் கழித்து நின்ற சாதனத்தை ஒரு மணி நேரமாவது ஓட்ட வேண்டும். மாற்றுப் பொருள் வந்திருந்தால் அதன் புதிய சீரியல் நம்பர் வாரண்டிப் பதிவில் ஏறியிருக்கிறதா என்று கேளுங்கள். பழைய எண்ணே இருந்தால் அடுத்த முறை உங்கள் பொருள் அவர்கள் கணினியில் இருக்காது. பல நிறுவனங்களில் மாற்றுப் பொருளுக்கும் பழைய வாரண்டியில் மீதமுள்ள காலம்தான் கிடைக்கும். மாற்றிய பாகத்துக்கு மட்டும் தனியாகச் சில மாத வாரண்டி தருபவர்களும் உண்டு, அதை பில்லில் எழுதி வாங்குங்கள்.

அதே பழுது மறுபடியும் வந்தால் இன்னொரு ரிப்பேருக்கு உடனே சம்மதிக்காதீர்கள். பிரிட்டன் சட்டத்தில் ஒருமுறை செய்த ரிப்பேர் பலிக்காவிட்டாலே விலைக் குறைப்போ, பொருளைத் திருப்பிக் கொடுத்துப் பணமோ கேட்கலாம். வேறு இடங்களிலும், ஒரே கோளாறுக்கு அடுத்தடுத்து வந்த ஜாப் ஷீட்டுகளை ஒன்றாக வைத்து, ‘ரிப்பேரால் இது சரியாகவில்லை, மாற்றிக் கொடுங்கள்’ என்று எழுதினால் அந்தக் கோரிக்கைக்குக் கனம் கூடும். அதனால் பொருள் உங்களிடம் இருக்கும்வரை எந்த ஜாப் ஷீட்டையும் தூக்கிப் போடாதீர்கள்.